தேற்று – பொருள் தருக

“உங்க அம்மாவைக் கொஞ்சம் தேத்துங்கம்மா. பிரஷர் இப்படியே இருந்தா நாளைக்குக் காலையில தியேட்டருக்கு எடுக்க மாட்டாங்க.”

நர்ஸ் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இருபது கட்டில் வார்டு. அவருக்கு இன்னும் எத்தனையோ பேர் பாக்கி.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

தேற்று. இந்தச் சொல் எனக்குத் தெரியாதா? நான் தமிழ் எம்.ஏ. குடியாத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ‘பொருள் தருக’ என்று போட்டு இரண்டு மார்க்குக்கு நானே இதைக் கேட்டிருக்கிறேன். ‘வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்றும் கேட்டிருக்கிறேன். ‘அழுத குழந்தையைத் தாய் தேற்றினாள்’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போடுவேன்.

‘பயந்துபோன தாயை மகள் தேற்றினாள்’ என்று ஒரு பிள்ளைகூட எழுதியதில்லை. எழுதியிருந்தால், எப்படித் தேற்றினாள் என்று அதையாவது கேட்டு வைத்திருப்பேன்.

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலோர் அக்கறையாக... ஒருவர் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக. காரணம் இதுதான். அம்மாவை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன்.

அம்மாவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆரம்பத்தில் நெல்லிக்காய் அளவு. “கொசு கடிச்ச வீக்கம்” என்றாள். எலுமிச்சை ஆனது. “சூட்டு வீக்கம்” என்றாள். சாத்துக்குடியை நெருங்கியபோதுதான் என்னோடு பஸ் ஏறினாள். அதற்குள் அது மூச்சுக்குழாயை அழுத்த ஆரம்பித்துவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். நாலு மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். இனி தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். தேதிக்காகக் காத்திருந்து, செவ்வாய்க்கிழமை காலை என்று கிடைத்தது. திங்கட்கிழமையே அட்மிட் ஆகிவிட்டோம்.

அன்று காலை பதினொரு மணிக்கு அவள் பிரஷர் நன்றாகத்தான் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு நூற்றெண்பதைத் தாண்டிவிட்டது.

நடுவில் என்ன நடந்தது?

நான் நடந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்குள் எந்தக் காகிதம் வந்தாலும் நான் அதை உரக்கப் படிக்க வேண்டும். கரண்ட் கார்டு, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடை நோட்டீஸ், மாத்திரை அட்டை... எதுவானாலும். பாதியில் நிறுத்தக் கூடாது. கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும். ‘அச்சிட்டோர்’ என்று அடியில் பொடியாக இருக்குமே, அது உட்பட.

சட்டம் வந்த கதை சின்னது. நான் மூன்றாவது படிக்கும்போது அம்மாவுக்கு முதுகுவலி. கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். சிவப்பாக, டானிக் மாதிரியே இருந்தது. வேளைக்கு ஒரு ஸ்பூன் என்று இரண்டு வேளை குடித்தும்விட்டாள். வயிறு எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாள். மூன்றாவது ஸ்பூனுக்குப் போகும்போது நான் பாட்டிலை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடைசி வரி... ‘வெ-ளி உப-யோ-கத்-திற்கு மட்-டும்.’

“அப்படின்னா இன்னாடி?”

“மேல தேய்க்கறதும்மா. குடிக்கக் கூடாது.”

அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஈடாக எந்தப் பட்டமளிப்பு விழாவும் இன்றுவரை எனக்கு அமையவில்லை. அன்று சொன்னாள் – “இனிமே எது வந்தாலும் நீ படி. கடைசிவரைக்கும் படி.”

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நானும் அவளும்தான். அம்மா கைநாட்டு. நான் படிப்பேன், அவள் கட்டைவிரலை வைப்பாள். நான் படித்து முடிக்காமல் அவள் விரல் மையில் படாது. சொல்லவே பெருமையாக இருக்கிறது... மறைப்பானேன்?

அந்தப் பெருமையோடுதான் அன்று ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்கினேன். மூன்று பக்கம். டாக்டர் அதற்கு முன்பே பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். அம்மாவும் தலையாட்டியிருந்தாள். ஆனாலும் நம் வீட்டுச் சட்டம் இருக்கிறதே! தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். வகுப்பில் செய்யுள் படிப்பது மாதிரி நல்ல உச்சரிப்போடு.

முதல் பக்கம் சுமுகமாகப் போனது. இரண்டாம் பக்கம், ‘ஏற்படக்கூடிய பாதிப்புகள்’. ரத்தக்கசிவு... படித்தேன். கிருமித்தொற்று... படித்தேன். ‘மிக அரிதாக, குரலில் மாற்றம் அல்லது குரல் இழப்பு ஏற்படலாம்.’

“இன்னா அது? திரும்பப் படி.”

திரும்பப் படித்தேன். ‘மிக அரிதாக’ என்பதை அழுத்தி.

“குரல் பூடுமா?”

“ரொம்ப ரொம்பக் கம்மி பேருக்கும்மா. எப்படியும் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்கெல்லாம் நான் ரெடியாத்தான் வந்திருக்கேன்.”

சொல்லிவிட்டு, பையிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். என்ன தெரியுமா?

ஒரு புது நோட்டு. ஒரு நீலப் பேனா.

“எது வேணும்னாலும் இதுல எழுதிக் காட்டும்மா. போதும்.”

வாசகர்களே, சிரிக்காதீர்கள். திட்டவும் வேண்டாம், அந்த வேலையை நானே முடித்துவிட்டேன். தொண்டை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் நோட்டும் பேனாவும் கொண்டுபோவது நல்லது என்று எங்கோ படித்தேன். உடனே வாங்கினேன். யாருக்கு வாங்குகிறேன் என்று யோசிக்கவில்லை. எனக்கு எழுதத் தெரியும் என்ற பெருமையிலேயே இத்தனை வருஷம் மிதந்ததில், அவளுக்குத் தெரியாது என்பது மறந்தே போய்விட்டது.

அம்மா அதைக் கையில் எடுத்தாள். நோட்டைத் திறந்தாள். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். மூடினாள். பக்கத்திலிருந்த சின்ன அலமாரி மேல் வைத்தாள்.

அப்போதுதான் நர்ஸ் பிரஷர் மிஷினோடு வந்தார். படிவத்தின் மூன்றாம் பக்கம் படிக்காமலேயே நின்றுபோனது.

டாக்டர் வந்து பார்த்தார். மாத்திரை எழுதினார். ஆறு மணிக்கு மறுபடி பார்ப்பதாகவும், இறங்காவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அடுத்த தேதி எப்போது? அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மா இன்னும் எத்தனை நாள் சுவரில் சாய்ந்து தூங்க வேண்டும்?

ஆக, எனக்கு நாலு மணி நேரம். வேலை – தேற்றுதல்.

முதல் முயற்சி. “ஒண்ணும் ஆகாதும்மா.”

“ஒண்ணும் ஆகாதுன்னா அதுல ஏன் போட்டிருக்கான்?”

இரண்டாவது. செல்போனில் தேடி ஒரு மூச்சுப் பயிற்சி எடுத்தேன். “நல்லா ஆழமா மூச்ச இழுத்து வுடும்மா.”

“அது முடியாமதானடி இங்க வந்து படுத்திருக்கேன்!”

மூன்றாவது. குரலை உயர்த்திவிட்டேன். “சும்மா சும்மா பிரஷர ஏத்திக்காதம்மா!” ஒருவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே பிரஷரை இறக்கு என்றால், யாருக்குத்தான் இறங்கும்?

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வராந்தாவுக்குப் போய், செய்வதறியாமல், ஒரு டீச்சர் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். போனில் அகராதி பார்த்தேன். தேற்று: ஆறுதல் சொல், தெளிய வை, வலுவூட்டு. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். தேற்றாங்கொட்டை பற்றி வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறேன். கலங்கிய தண்ணீர் உள்ள பானையில் அந்தக் கொட்டையை உரசிவிட்டுப் பேசாமல் விட்டுவிட வேண்டும். சேறு தானே அடியில் தங்கும். பேசாமல் விட வேண்டும் என்பதுதான் முக்கியம். நானோ காலையிலிருந்து பானைக்குள் அகப்பையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஆறுதலைப் பெரும்பாலும் நாம் ‘சொல்கிறோம்’. சமாதானத்தையும் ‘சொல்கிறோம்’. சாவு வீட்டுக்குப் போனாலும் வாட்ஸ்அப்பில் போட்டாலும் ‘ஆறுதல் சொல்ல வார்த்தை இல்லை’ என்கிறோம். வார்த்தைதான் முதலீடு என்று முடிவே கட்டிவிட்டோம். ஆனால் ‘தேற்று’ அப்படியில்லை. தேற்றினாள் என்றால் எதையோ செய்தாள் என்று அர்த்தம். என்ன செய்தாள்? அதை மட்டும் எந்த அகராதியும் போடவில்லை.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். நாலு ஐந்துக்கெல்லாம் ஷபானா அக்கா உள்ளே வந்தார்.

ஷபானா அக்கா அம்மாவின் பக்கத்து மிஷின். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் இரண்டு பேரும் தையல் ஹாலில் இருக்கிறார்கள். ஷூவின் மேல்பாகத் தோலை மிஷினில் தைக்கும் வேலை. அம்மாவுக்கு அங்கே பதினெட்டு வருஷம். அக்காவுக்குப் பதினைந்து. அக்கா அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, பள்ளிகொண்டா வரைக்கும் நின்றபடி பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு பை.

அடுத்த கட்டிலுக்குத் துணையாக இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். “ஆம்பூர்ல இருந்தா வர்றீங்க? பிரியாணியா?”

“சாத்துக்குடிங்க” என்றார் அக்கா. அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, “ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, இருந்தாலும் வாங்கினேன்.”

அம்மா சிரிக்கவில்லை. அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“இன்னா கஸ்தூரிக்கா, மூஞ்சி இப்படி இருக்கு? இன்னா பேஜாரு?”

என்னிடம் இரண்டு மணி நேரமாக மனம் திறக்காதவள், அக்காவிடம் ஒரே மூச்சில் சொன்னாள்.

“குரல் பூடும்னு போட்டிருக்கான் ஷபானா. போனா எழுதிக் காட்டுன்னு இவ நோட்டு வாங்கியாந்து வெக்கறா. யாரு எழுதறது? இவளுக்குப் போச்சுன்னா இவ எழுதுவா. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்.” தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். “இதுவும் போச்சுன்னா நான் மாடு மாதிரி நிக்கணும்.”

எனக்குக் காது இரண்டும் சூடானது. மாலையில் நான் வீட்டுக்கு வர லேட்டானால் அம்மா எனக்கு அனுப்புவது வாய்ஸ் மெசேஜ். பேங்கில் ஃபாரம் நிரப்ப ஆள் தேடும்போது அவள் நம்பியிருப்பது வாய். படிக்காதவர்கள் உலகத்தில் நடமாடுவதே குரலைக் கையில் பிடித்துக்கொண்டுதான். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு இது தெரியவில்லை.

அக்கா ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லவில்லை. ‘தைரியமா இரு’ என்றும் சொல்லவில்லை. அலமாரி மேலிருந்த நோட்டை எடுத்து உள்ளே போட்டு மூடினார். அம்மாவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, வலது கையால் தன் கழுத்தில், ஐடி கார்டு கயிறு தொங்கும் இடத்தை இரண்டு முறை சுண்டினார்.

அம்மா சடாரென்று நிமிர்ந்து வார்டு வாசலைப் பார்த்தாள்.

வாசலில் யாரும் இல்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அம்மாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. “அடிப்பாவி!”

எனக்குத்தான் புரியவில்லை. பிறகு விளக்கினார்கள். ‘சூப்பர்வைசர் வர்றாரு’ என்று அர்த்தமாம்.

அந்தத் தையல் ஹாலில் நூற்றுக்கணக்கான மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே கைகள்தான் பேசும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சுழற்றினால், பாபின் நூல் தீர்ந்துவிட்டது. ஆள்காட்டி விரலைப் பாதியில் மடக்கினால், ஊசி உடைந்துவிட்டது. காதுமடலைத் தொட்டால், ஒரு செய்தி இருக்கு, டீ டைமில் சொல்றேன். யாரும் உட்கார்ந்து உருவாக்கியதில்லை. வேலையோடு வேலையாக வளர்ந்தது.

அடுத்த பத்து நிமிஷம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பேசித் தள்ளினார்கள். கைகள் பறந்தன. புருவம் ஏறி இறங்கியது. அக்கா ஏதோ ஒன்றைக் காட்ட, அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அம்மா பதிலுக்கு இரண்டு விரலால் எதையோ கத்தரித்துக் காட்ட, அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். லைனில், அதாவது அவர்கள் மிஷின் வரிசையில், யாரையோ தாறுமாறாகக் கிழிக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

எதிர்க் கட்டில்காரரைப் பார்க்கப் புதிதாக வந்த ஒரு அம்மாள் என் பக்கம் குனிந்து, ரொம்ப இரக்கமாகக் கேட்டார். “பாவம்... ரெண்டு பேருக்குமே பேச்சு வராதாம்மா?”

அம்மா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

“பார்த்தியா? பதினெட்டு வருசமா தெனைக்கும் எட்டு மணி நேரம் வாயத் தொறக்காமதான் ஊர்க் கதை பேசிக்கினு இருக்க. இப்ப மூணு நாள் வாய மூடுன்னா பேஜாராவுதா? அப்படியே குரல் போனாலும், லைன்ல யாருக்கும் தெரியவே தெரியாதுக்கா!”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. என்னைப் பார்த்துக் கை காட்டினாள்.

“லைனுக்குத் தெரியாது. இவளுக்கு?”

ஒரே ஒரு சொல். அவ்வளவுதான் அவள் பயம். ஆபரேஷன் இல்லை, கத்தி இல்லை. நான் ஒரு அறையில், அவள் ஒரு அறையில், நடுவில் பேச்சே இல்லாமல் போய்விடுமோ என்பதுதான்.

“இவதான் படிச்சவளாச்சே” என்றார் அக்கா. “படிக்கட்டும். வாங்க டீச்சரம்மா, கைய நீட்டுங்க.”

மாணவியாக நான் இவ்வளவு கேவலமாக எங்கும் தோற்றதில்லை. ‘தண்ணி வேணும்’ என்று நான் காட்டியது அவர்கள் பாஷையில் ‘பாத்ரூம் போறேன்’. ‘வலிக்குது’ என்று நான் காட்டியதற்கு என்ன அர்த்தம் என்று கடைசிவரை சொல்லவே மாட்டேன் என்றார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, “எம்.ஏ.வாம்!” என்றாள். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்!

ஒன்று மட்டும் நானாகக் கேட்டேன். “லைன்ல யாராவது அழுதா? சூப்பர்வைசர் திட்டி, வீட்டுப் பிரச்சினைல... அப்ப இன்னா பண்ணுவீங்க?”

இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். உள்ளங்கை கீழே பார்க்க, காற்றில் வெளியிலிருந்து தன் பக்கமாக மெதுவாக ஒரே ஒரு இழுப்பு. தைக்கிறதுக்கு முன்னால் தோலை மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவுவார்களாம், சுருக்கம் போக. அதே அசைவு. நாலு மிஷின் தள்ளி ஒருத்தி அழுதால், இந்தக் கை ஒருத்தியிடமிருந்து ஒருத்தியாகக் கடந்து போகும். ‘அவள நீவி வுடு’ என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கிறவள் ஒரு நிமிஷம் மிஷினை நிறுத்தி, அழுகிறவள் முதுகில் ஒரு தரம் கையை வைத்து இழுத்துவிட்டு, மறுபடி தைக்கப் போய்விடுவாள். ஏன், என்ன என்று கேட்க மாட்டாள். கேட்டாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது.

நானும் செய்து பார்த்தேன். என் கை பழக்கத்தில் தட்டிவிட்டது, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. அம்மா மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“தட்டாத. தட்டினா சுருக்கம் போவாது. நீவணும்.”

என் கையைத் தன் கைக்குள் வைத்து, போர்வை மேல் மெதுவாக இழுத்துக் காட்டினாள்.

நான் செய்த மூன்று முயற்சிகளும் நினைவுக்கு வந்தன. அழாதே, பயப்படாதே, கவலைப்படாதே... எல்லாமே தட்டுதல்தான், இல்லையா? அவசரமாக நாலு தட்டு தட்டிவிட்டு, ஏன் இன்னும் சரியாகவில்லை என்று எரிச்சல்படுகிறோம்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. அக்கா எழுந்தார். “தஸல்லியா இரு அக்கா” என்றார். தஸல்லி... அவர்கள் வீட்டு உருதில் ஆறுதலுக்கான சொல். அதை உங்களைப் போல் ‘சொல்ல’ மாட்டோம், தஸல்லி ‘கொடுப்போம்’ என்று போகிற போக்கில் எனக்கு விளக்கினார். அவர் சொன்னது சரி. அன்று சாயங்காலம் அவர் கொடுத்துவிட்டுத்தான் போனார். இதை அவர் படிக்க மாட்டார். ஆனால் வேலைக்குத் திரும்பியதும் டீ டைமில் அம்மா கையாலேயே சொல்லிவிடுவாள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன் – ஷபானா அக்கா, எங்கள் வீட்டில் இன்று ஒருத்தி மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள் என்றால், அதில் பாதி உங்கள் அரை நாள் பர்மிஷன்.

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார். நூற்று நாற்பது. மறுபடி ஒரு தரம் பார்த்தார். அதேதான். “அப்படித்தான் தேத்தணும்!” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மாத்திரை வேலை செய்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சொல்லட்டும், அவர் படித்தது அது.

பிறகு அம்மா மை டப்பாவைக் கேட்டாள். படிவத்தில் மூன்றாம் பக்கம் பாக்கி என்று நான் ஆரம்பித்தேன். மறுபடி ஏதாவது படித்து, மறுபடி ஏறிவிட்டால்? என் தயக்கத்தை அவள் பார்த்துவிட்டாள்.

“எங்க வெக்கணும், காட்டு.”

வைத்தாள். என் வாழ்நாளில் முதல் தடவையாக, நான் படித்து முடிக்காத காகிதத்தில் அம்மாவின் கட்டைவிரல்.

மறுநாள் காலை எடுத்துக்கொண்டு போனார்கள். மதியம் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். குரல் எப்படி என்பது பேசும்போதுதான் தெரியும். இரண்டு மூன்று நாள் பேசவிடாதீர்கள் என்றார்.

கழுத்தில் பெரிய கட்டோடு, கண் மூடிக் கிடந்தாள். சிங்கப்பெண் மாதிரி இரண்டு நாள் நின்ற நான் அப்போதுதான் உடைந்தேன். சத்தம் வராமல் அழத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை போலும். அம்மா கண்ணைத் திறந்தாள்.

கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை கீழே பார்த்து, தன் பக்கமாக ஒரு இழுப்பு.

எனக்குத் தெரிந்த பாடம்! உடனே அவள் கையைப் பிடித்து நீவிவிட்டேன். மெதுவாக, சொல்லிக்கொடுத்தபடி. அம்மா எரிச்சலோடு கையை உருவிக்கொண்டாள். என்னைச் சுட்டினாள். வாசலைச் சுட்டினாள். கன்னத்தில் விரலைக் கீழே இழுத்தாள். மறுபடி நீவல். மறுபடி என்னைச் சுட்டினாள். நான் தண்ணீர் எடுத்தேன், இல்லை. போர்வை இழுத்தேன், இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள், உருப்படாத மாணவியைப் பார்த்த டீச்சர் மாதிரி.

இன்னொரு தரம் காட்டச் சொல்லி, போனில் வீடியோ எடுத்து ஷபானா அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“அக்கா, எனக்குப் படிக்கத் தெரியல. படிச்சுச் சொல்லுங்கக்கா.”

சொன்ன பிறகுதான், என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டில் ஏறக்குறைய இருபது வருஷமாக அம்மா சொல்லிவந்த வாக்கியம் அது.

டீ டைமில் பதில் வந்தது. பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம்.

“அரே, அது ஒன்னியப் பத்திடி! ‘இவ அழுவறா, வெளியில யாராச்சும் இருந்தா கூப்பிட்டு இவள நீவி வுடச் சொல்லுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்’ங்கறா.”

அழுத குழந்தையைத் தாய் தேற்றினாள். பிள்ளைகள் எழுதியது சரிதான். முழு மார்க் போட்டதும் சரிதான்.

அந்த நோட்டு வீணாகவில்லை. மூன்று நாளில் நான் கற்றுக்கொண்ட கைகளையெல்லாம் அதில் எழுதிவைத்திருக்கிறேன், பக்கத்தில் பொருளோடு. இந்தப் பத்தியை எழுதுவதும் அதன் பின்பக்கங்களில்தான்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து கட்டைப் பார்த்தார். “பேசிப் பாருங்கம்மா. மெதுவா.”

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா எச்சில் விழுங்கினாள். என் பக்கம் திரும்பினாள்.

“அந்த ஃபாரத்துல... கடைசிப் பக்கம்... ஏன் படிக்கல?”

குரல் வந்துவிட்டது! கரகரப்பு சில வாரத்தில் போய்விடும் என்றார் டாக்டர். நர்ஸைக் கெஞ்சி, ஃபைலிலிருந்த அந்தப் பக்கத்தை வாங்கி, வார்டே கேட்கும்படி படித்தேன். தேதி. டாக்டர் பெயர். நோயாளியின் கைநாட்டு. கடைசியாக, ‘மேற்கண்டவற்றைப் படித்துக் காட்டியவர்’. அதன் கீழே என் கையெழுத்து.

“அவ்ளோதானா? இதுக்காடி அவ்ளோ பயந்த? எம்.ஏ. படிச்ச மூஞ்சியப் பாரு!”

குரலில்தான் கரகரப்பு. திட்டு சுத்தமாக வந்தது.